தென்னந்தோப்பில் ஒரு டர்போ கார்

சிங்கப்பூரில் நானும் அவனும் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தோம். நான் கார் பட்டறையில் மெக்கானிக். அவன் அதே தெருவில் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தான். பேராவூரணிப் பக்கம் அவன் குடும்பத்துக்குத் தென்னந்தோப்புகள் இருந்தன. என் அப்பா அப்படிப்பட்ட தோப்புகளில் கூலிக்குக் காய் பறித்தவர். அது இருவருக்கும் தெரியும், அங்கே அதைப் பேச வேண்டி வரவில்லை. என்னை ‘மாப்ள’ என்றுதான் கூப்பிடுவான். எனக்கு அம்மை போட்டிருந்தபோது லீவு போட்டுவிட்டு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவன்.

கடைசி வருடம் அவன் ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கினான். சிவப்பு நிறம், இரண்டு கதவு, டர்போ இன்ஜின். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் ஒரு சின்னச் சக்கரம் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். காலை அழுத்தினால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

“நீ கூட வந்தாத்தான் மாப்ள இதை ஊருக்கு ஏத்துவேன். தஞ்சாவூர்ல ரெண்டு பேரும் சேர்ந்து பட்டறை போடுவோம்” என்றான்.

முதலாளி இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவனோடு ஊர் திரும்பினேன். வெளிநாட்டுக் கார்களெல்லாம் நம்மூர் ரோட்டுக்கு வரத் தொடங்கியிருந்த காலம். நல்ல கை இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பட்டறை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கார் மட்டும் அவன் வீட்டுத் தேங்காய்க் கொட்டகையில் நின்றது. வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் போய் அதன் அடியில் படுத்துக் கிடப்பேன். நம்மூர் வெயிலுக்கு டர்போ அனுப்பும் காற்று கொதித்தது. அதைத் தணிக்க லாரி ஒன்றின் கூலரை வெட்டி முன்பக்கம் பொருத்தினேன். டர்போவுக்குள் தேய்ந்த பேரிங் புஷ்ஷுக்குப் பதில் கிடைக்காமல், கும்பகோணத்து லேத்தில் நாள் முழுக்க நின்று வெண்கலத்தில் கடைந்து வாங்கினேன். அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயப்போட்ட வைக்கோல் அடியில் சுற்றிக்கொள்ளும். டர்போவின் சூட்டில் அது ஒருமுறை புகையவே ஆரம்பித்துவிட்டது. அதைத் தடுக்கவும் ஒரு தகடு அடித்தேன்.

“ஓட்டிட்டு வந்ததும் உடனே அணைக்காதே. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும். இல்லேன்னா உள்ள ஆயில் கருகிடும்” என்று அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஊர் திரும்பிய மூன்றாம் வருடம் சென்னையிலிருந்து ஒரு மோட்டார் பத்திரிகைக்காரர் படம் எடுக்க வந்தார். நான் புதுச் சட்டை போட்டுப் போயிருந்தேன். அவன் அப்பாவும் வாசலில் நின்றிருந்தார். பானெட்டைத் திறந்ததும் பத்திரிகைக்காரர் குனிந்து அந்தக் கூலரைப் பார்த்தார்.

“பிரமாதமான வேலை. யார் பண்ணது?”

“கோயம்புத்தூர்ல ஒரு ஸ்பெஷலிஸ்ட் சார்” என்றான் அவன்.

“இவர்?” என்று என்னைக் காட்டினார்.

“நம்ம டிரைவர்.”

என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளி நின்றேன். அவர் போகும்வரை கார்க் கதவைத் திறந்துவிட்டேன், மூடினேன். பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து அவன் என் வீட்டுக்கு வந்தான்.

“யாரு அந்தக் கோயம்புத்தூர்க்காரரு?” என்று கேட்டேன்.

“அப்பா நின்னாரு. வேற எப்படிச் சொல்றது?”

“அப்பா இல்லேன்னா சொல்லியிருப்பியா?”

அவன் சட்டைப் பையில் கார் சாவியைத் தேடினான். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. கேட்காமல் இருந்திருந்தால், அப்பாவுக்குப் பயந்துதான் சொன்னான் என்றாவது நம்பிக்கொண்டிருப்பேன். “பட்டறை விஷயம்?” என்றேன். “வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க. முதல்லேருந்தே தெரியும்” என்றான். அந்த ‘முதல்லேருந்தே’தான் என்னை அடித்தது. காரைக் கப்பலில் ஏற்றும்போதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மழைக்காலம் முடிந்து ஆள் அனுப்பினான், கார் கத்துகிறது என்று. போகக் கூடாது என்றுதான் இருந்தேன், போனேன். இன்ஜினைப் போட்டதும் டர்போ கூர்மையாகக் கீச்சிட்டது. அணைக்கும் முன் அவன் காத்திருக்கவில்லை, ஆயில் கருகிப் பேரிங் போயிருந்தது. அந்தச் சத்தம் எனக்கு ஒரு கணம் இனித்தது. நாள் முழுக்க நின்று நான் கடைந்து வாங்கிப் போட்ட பாகம் சாகிற சத்தம் அது. அதைக் கேட்டு இனிக்கிற அளவுக்கு நான் வந்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

என்ன போயிருக்கிறது, என்ன போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஸ்பானரைத் தொடவில்லை.

“நீயே பாத்துடேன்” என்றான். அவன் குரல் தாழ்ந்திருந்தது.

“டிரைவருக்கு இதெல்லாம் தெரியாது” என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவன் பின்னால் வரவில்லை.

காரை யாரோ கேரளாக்காரர் வாங்கிப்போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஒரத்தநாட்டில் தனியாகப் பட்டறை போட்டேன். நெல் அறுக்கும் மெஷின்கள் டெல்டாவுக்குள் வந்தபோது அவற்றிலும் டர்போதான் இருந்தது. எனக்கு வேலைக்குக் குறைவில்லை. இன்று சம்பா அறுவடை தொடங்கினால் வயலுக்கே கூப்பிட்டுப் போகிறார்கள். மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். ஆனாலும் யாராவது தோளில் கைபோட்டு, “சேர்ந்து ஏதாவது பண்ணுவோம்” என்றால், நான் முதலில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன்.