கடல் வருதா?

இரத்தத்தில் சீனி கூடிவிட்டது; அந்தச் சீனி வருத்தத்துக்கு ஓடச் சொன்னார் டொக்டர். முதல் நாள் விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு, கடற்கரையிலிருந்து எங்கள் தெருவுக்குள் ஓடிவந்தேன். சுனாமி கண்ட ஊரில் அப்படி ஒருத்தி ஓடிவந்தால் என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவேயில்லை.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த, எனக்கு அக்கா முறையான பக்கத்து வீட்டு ராத்தா, “கடல் வருதா புள்ள?” என்று கத்தினார். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. இல்லையென்று கையை அசைத்தேன். ஓடச் சொல்கிறேன் என்று நினைத்து விளக்குமாற்றோடு ஓடத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் பாதித் தெருவே ஓடியது.

பள்ளிவாசலடியில் நின்றுதான், “நான் சீனிக்கு ஓடுறன் ராத்தா” என்றேன். ஏச்சு விழும் என்று பயந்தேன். ராத்தாதான் முதலில் சிரித்தார்.

“எனக்கும் சீனிதான். இவ்வளவு தூரம் ஓடுவன் எண்டு எனக்கே தெரியா. நாளைக்கும் கூப்பிடு.”

இப்போது ஏழு பேர் ஓடுகிறோம். என் சீனியும் இறங்கிவிட்டது. சுனாமிக்குப் பிறகு கடற்கரையையே மிதிக்காத ராத்தா, தினமும் எங்களுக்கு முன்னால் கடலை நோக்கி ஓடுகிறார்.