தொரைக்கு வந்த அரிப்பு

எங்கள் தோட்டத்தில் மருந்து என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் ஆஸ்பத்திரி ஞாபகம் வராது. தேயிலைக்கு நடுவில் முளைக்கிற புல்லுக்கு அடிப்பதுதான் மருந்து. "அப்பா எங்க?" என்று யாராவது கேட்டால், "மருந்துக்குப் போயிருக்காரு" என்போம். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த யாழ்ப்பாணத்து டீச்சர் மட்டும் பதறிப்போனார். "ஐயோ, அப்பாவுக்கு என்ன வருத்தம்?" என்று நோயை விசாரித்தார். முதுகில் டாங்கியை மாட்டிக்கொண்டு மலையில் மருந்தடிக்கிற வேலை என்று விளக்கிச் சொல்லிவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்தேன். இன்று அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ராகலைக்கு மேலே இருந்தது எங்கள் தோட்டம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அம்மா இறந்து வருடம் திரும்பியிருந்தது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அம்மா போன பிறகு அப்பா பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டார். "சோறு போடவா?" என்றால் "ம்". "போதுமா?" என்றால் "ம்". சுவரோடு குடித்தனம் நடத்துவது போல இருந்தது. நானும் லேசில் விடுகிற ஆள் இல்லை. வேண்டுமென்றே உப்புப் போடாமல் குழம்பு வைத்துப் பார்த்தேன். அதையும் தின்றுவிட்டு "ம்" என்றார்.

அந்த மனிதர் ஒரு சாயந்தரம் சட்டைக்குள் எதையோ பொத்திக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தார். செம்பட்டை நிறத்தில் ஒரு நாய்க்குட்டி. தாய் ரோட்டில் லொறியில் அடிபட்டுவிட்டதாம். குட்டியை அடுப்படியில் இறக்கிவிட்டு, "உக்காருங்க தொர" என்றார். தோட்டத்து மேனேஜரைத்தான் நாங்கள் தொரை என்போம். குட்டியும் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, நாங்கள் ஒழுங்காக வேலை செய்கிறோமா என்று பார்ப்பதுபோல இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அன்றிலிருந்து அப்பா பேச ஆரம்பித்தார். என்னோடு அல்ல, தொரையோடு. வேலை முடிந்து வந்து வாசல் படியில் உட்கார்ந்ததும் அது மடியில் ஏறிவிடும். "இன்னைக்கு மேமல தொர. ஒரே ஏத்தம். டாங்கிய வேற ஒழுகவிட்டுக் குடுத்துட்டானுங்க, முதுகெல்லாம் ஈரம். ஒங்களுக்கென்னா, பங்களாவுல குந்திக்கிட்டு ஏன் லேட்டுன்னு கேப்பீங்க" என்பார். நான் அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். அப்பாவின் நாள் எப்படிப் போனது என்பதை ஒரு நாய்க்குட்டி புண்ணியத்தில்தான் தெரிந்துகொண்டேன். பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். ஆனாலும் அந்தக் குரல் வீட்டில் கேட்டால் போதும் என்று இருந்தது. அம்மாவுக்குப் பிறகு அவரைப் பேச வைத்தது இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

பனிக்காலத்தில் அதற்கு அரிப்பு வந்தது. வயிற்றுத் தோல் வறண்டு தவிடு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தது. காதோரம் முடி கொட்டியது. சொறியும்போது பின்னங்கால் பலகைக் கதவில் இடித்து டக்டக்கென்று சத்தம் வரும். சொறிந்து சொறிந்து ரத்தம் கசிந்தது. அப்பா அதை மடியில் மல்லாத்திப் போட்டு விரலால் மெதுவாகத் தடவிக் கொடுப்பார். அவருடைய விரல்களும் வெடித்து, நகக்கண் எல்லாம் மஞ்சளாகிக் கிடந்தன. பனிக்கு எல்லார் கையும்தான் வெடிக்கும் என்று இருந்துவிட்டோம்.

லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அடுப்புச் சூட்டில் படுப்பதால்தான் தோல் காய்கிறது என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அடுப்படியிலிருந்து விரட்டினோம். குளிரில் நடுங்கிக்கொண்டே சொறிந்தது. துணிச் சவுக்காரம் போட்டுக் குளிப்பாட்டியதுதான் வினை என்று சொன்னார்கள், அதையும் நிறுத்தினேன். மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினேன். தொரை அதை ருசி பார்த்து நக்கித் தீர்த்துவிட்டார். கழிவு ஒயிலைப் பூசச் சொன்ன ஒருவரை வாசலிலேயே நிற்கவைத்து நான் கேட்ட கேள்விகளுக்கு, "சொறி நாய வச்சிக்கிட்டு டீச்சருக்கு இந்த வாயி ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்தான் எனக்குப் பயம். சொறி நாய் என்று பேர் விழுந்துவிட்டால் தோட்டத்தில் அந்த நாய்க்கு ஆயுசு கிடையாது. பிள்ளைகள் இருக்கிற இடம் என்று சொல்லி யாராவது சோற்றில் எதையாவது கலந்து வைத்துவிடுவார்கள்.

பள்ளிக்கூட லீவில் அதைக் கூடைக்குள் வைத்து, மேலே துவாயைப் போர்த்தி, கண்டக்டர் கண்ணில் படாமல் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன். அங்கே மிருக வைத்தியர் ஒருவர் இருந்தார். சிங்களவர். தோலைக் கொஞ்சம் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தார். பூச்சி ஒன்றும் இல்லை, இது சொறி இல்லை, தோல்தான் காய்ந்து புண்ணாகியிருக்கிறது என்றார். பிறகு, "கெதர கவுருஹரி பெஹெத் கானவத?" என்று கேட்டார்.

பெஹெத் என்றால் மருந்து. கானவா என்றால் பூசுவது, கஹனவா என்றால் அடிப்பது. வேகமாகப் பேசும்போது இரண்டும் ஒன்றுபோலவே விழும். வீட்டில் யாராவது மருந்து பூசுகிறீர்களா என்றுதான் அவர் கேட்டார். என் தோட்டத்துக் காதில், வீட்டில் யாராவது மருந்தடிக்கிறார்களா என்று விழுந்தது. குட்டியின் வயிற்றைப் பார்த்தே அப்பாவின் வேலையைக் கண்டுபிடித்துவிட்டாரே, எப்பேர்ப்பட்ட டொக்டர் என்று அசந்துபோனேன். "ஆமாம், அப்பா. ஒவ்வொரு நாளும்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒவ்வொரு நாளுமா, அதுதான் தோலைத் தின்கிறது, உடனே நிறுத்தச் சொல்லுங்கள், அவருடைய கை இதன் மேல் படவே கூடாது என்றார். ஒரு களிம்பும் கொடுத்தார்.

சாயந்தரம் அப்பா வந்ததும் ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அப்பா இஸ்தோப்பு என்கிற முன் திண்ணையைப் பார்த்தார். மலையில் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை அங்கே ஆணியில் மாட்டுவது வழக்கம். குட்டி அதை இழுத்துக் கீழே போட்டு, அதன் மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. வந்த நாளிலிருந்தே அதற்கு அதுதான் படுக்கை.

"அப்ப நாந்தானா?" என்றார்.

"நீங்க இல்லப்பா, மருந்துதான். கண்டாக்கய்யாகிட்ட சொல்லி வேற வேல கேளுங்க" என்றேன். கண்டாக்கய்யா என்பவர் மலை வேலையைப் பிரித்துக் கொடுக்கிற உத்தியோகத்தர்.

"இந்த வயசுல எனக்கு என்னா வேல குடுப்பாங்க? மருந்த விட்டா பேரு இல்ல" என்றார். தோட்டத்தில் ஒரு நாள் கூலியைப் பேர் என்போம்.

சாக்கைக் கொண்டுபோய்த் தூரத்துக் கொட்டிலில் போட்டார். சுடுதண்ணீர் வைத்துச் சவுக்காரம் போட்டுக் கையை அரை மணி நேரம் தேய்த்தார். "இப்பத் தொடுங்கப்பா, ஒண்ணும் ஆகாது" என்றேன். கையை மூக்கில் வைத்துப் பார்த்தார். "தோலுக்குள்ள ஏறுனது கழுவுனா போகுமா?" என்று சொல்லி, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் படியேறும்போது குட்டி வழக்கம்போல ஓடிப்போய்க் காலைச் சுற்றியது. "போ" என்றார். அது விளையாட்டு என்று நினைத்துத் துள்ளியது. காலைத் தரையில் உதைத்துச் சத்தம் போட்டார். இன்னும் துள்ளியது. ஒரு மண்கட்டியை எடுத்துப் பக்கத்தில் எறிந்தார், அதைக் கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியிலேயே போட்டது. இப்படியே சில நாள். பிறகு ஒரு சாயந்தரம் அவர் கையில் தேயிலை மிலாறுக் குச்சி இருந்தது. "போ நாயே!" என்று கத்தி ஓங்கி ஒரு அடி போட்டார். வாங்க, உக்காருங்க என்று மரியாதை கொடுத்த வாய் அது. குட்டி அலறிக்கொண்டு என் காலுக்குள் புகுந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அது என்னா பாவம் பண்ணுச்சு? ஒங்களுக்கென்ன பைத்தியமா?" என்று லயமே கேட்கக் கத்தினேன். அப்பா குச்சியை ஒடித்துத் தூரப் போட்டார். "நல்லபடியா சொன்னா அதுக்கு வெளங்குமாம்மா? பயந்தாத்தான் வராது" என்றார். லயத்துக்குப் பின்னால் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் சோறு எடுத்துக்கொண்டு போனேன். அழுதுகொண்டிருந்தார். அம்மாவைப் புதைத்த அன்றும் அழாதவர்.

குட்டி பயந்தது. நன்றாகவே பயந்தது. அப்பா வரும் நேரம் தெரிந்து, அதற்கு முன்பே என் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். தோல் ஆறியது. முடி முளைத்தது. மழைக்காலம் வருவதற்குள் செம்பட்டை உடம்பு எண்ணெய் தடவினாற்போல மின்னியது. லயத்தில் எல்லாரும் டீச்சர் நாய் என்று அதைக் கொஞ்சினார்கள். அப்பா மறுபடியும் "ம்" மனிதர் ஆகிவிட்டார். படியில் உட்கார்ந்து வெறும் மடியோடு மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஊசி போட நுவரெலியாவுக்கு அதை மறுபடி கொண்டுபோனபோது டொக்டருக்கு ஒரே சந்தோஷம். அப்பா பூசுவதை நிறுத்திவிட்டாரா என்று கேட்டார். எங்கே பூசினார் என்று நான் விழித்தேன். டாங்கியின் பிடியை அடிப்பதுபோல நான் கையை ஆட்டிக் காட்டிய பிறகுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. நான் தவறாகக் காதில் வாங்கியது சரியாகப் போயிருக்கிறது. அவர் சிரிக்கவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார், "அப்பாட கை எப்படி?"

சொன்னேன். விரல் வெடிப்பு, முதுகில் டாங்கி படுகிற இடத்தில் தோல் செதிள் செதிளாக உரிவது, ராத்திரி முழுக்க அவர் பாயில் முதுகைத் தேய்ப்பது எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே கேட்டது. நாயின் வயிற்றுக்கும் அப்பாவின் முதுகுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நான் மனிதருக்குப் பார்க்கிற டொக்டர் இல்லையே என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். இத்தனை வருடத்தில் என் அப்பாவின் தோலைப் பற்றிக் கேட்ட ஒரே டொக்டர், மிருக வைத்தியர். பஸ்ஸில் கூடையைக் கட்டிக்கொண்டு அழுதேன். குட்டிக்கு வயிறு புண்ணானதும் லயமே வைத்தியம் சொன்னது. அப்பாவின் முதுகுக்கு யார் வைத்தியம் சொன்னார்கள்?

கண்டாக்கய்யாவிடம் போய்ச் சண்டை போட்டேன். "அவரு ஒண்ணும் கேக்கலியே டீச்சர்" என்றார். தோட்டத்து டிஸ்பென்சரியில் எல்லா நோய்க்கும் கொடுக்கிற அதே வெள்ளைக் களிம்பைக் கொடுத்தார்கள். அப்பா மருந்துக்குப் போனார். வருடக்கணக்காகப் போனார். கடைசியில் டாங்கிப் பிடியை அடிக்க விரல் மடங்காது என்று ஆனபிறகு, அவர்களே, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் வைத்து, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் ரெண்டாயிரமாம் ஆண்டு பிறந்துவிட்டது.

வேலை நின்ற சந்தோஷம் அவருக்கு ஒன்றே ஒன்றுக்காகத்தான். பழைய சட்டைகளை எல்லாம் எரித்தார். தினமும் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவினார். நாயை உடனே கூப்பிடவில்லை. உள்ளே ஏறியது இறங்கட்டும் என்று ஒரு மழைக்காலம் முழுவதும் காத்திருந்தார். பிறகு ஒரு காலையில், குளித்து, சலவைச் சட்டை போட்டு, படியில் வந்து உட்கார்ந்தார். மடியைத் தட்டி, "வாங்க தொர" என்றார்.

அது வளர்ந்த நாயாகியிருந்தது. வாலைக் கால்களுக்கு இடையில் செருகிக்கொண்டு என் சேலைக்குப் பின்னால் ஒண்டியது. அவர் மறுபடி கூப்பிட்டார். நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டது. தினமும் கூப்பிட்டார். பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிட்டார். பிஸ்கட்டைப் படியில் வைத்துவிட்டு அவர் எழுந்து போன பிறகுதான் வந்து எடுக்கும். "நம்ம சொல்லிக் குடுத்தத நல்லாத்தான் படிச்சிருக்கு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்விட்டேன்.

பிறகு அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலோடு கிடந்தார். ஒரு மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் வைத்து, அசையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பாவின் முகம் மலர்ந்தது. கையைக் கம்பளிக்குள்ளிருந்து எடுத்து மெதுவாக நீட்டினார். நாயின் உடம்பு முழுவதும் வெடவெடவென்று ஆடியது. கட்டிலே ஆடியது. அவர் கை பாதியில் நின்றுவிட்டது.

"தொடுங்கப்பா, நான் புடிச்சிருக்கேன்" என்றேன்.

"வேணாம்மா. எறக்கி விடு, பயப்படுது" என்றார்.

அது பார்க்காதபடி கையைக் கம்பளிக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார். நான் பிடியை விட்டேன். குதித்து வெளியே ஓடிவிட்டது.