கன்னிமூலையில் எட்டு இஞ்ச்

டாக்டர் என் மனைவியின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, தைராய்டுக் கட்டியை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, கவனமாகத்தான் செய்வோம், இருந்தாலும் சிலருக்குக் குரல் மாறலாம், அபூர்வமாகத் திரும்பாமலும் போகலாம் என்றார். அடுத்ததற்கு அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

"ஆபரேசன் முடிஞ்சு எத்தன நாள்ல சமைக்கலாம் சார்?" என்று அவள் கேட்டாள்.

பயம் வந்தால் சிலர் சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள். சிலர் விட்ட பீடியை மறுபடி பிடிப்பார்கள். எனக்குப் பயம் வந்தால் சாமான் வாங்கத் தோன்றும். திருச்சியில் பஸ் ஏறி கறம்பக்குடியில் இறங்குகிற வரைக்கும் என் மண்டைக்குள் ஓடியது ஒரே கேள்விதான்: ஸ்பீக்கர் அஞ்சு இஞ்ச் போதுமா, எட்டு இஞ்ச் வேண்டுமா?

இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பதற்குள் எங்கள் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். கூம்பு ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போகுமே, அந்தச் சத்தத்தை எங்கள் வீட்டு உள்ரூமில்தான் பதிவு செய்கிறோம். துணிக்கடைத் தள்ளுபடி, கண் பரிசோதனை முகாம், கோவில் காப்புக் கட்டு, மஞ்சுவிரட்டு, சாவு. எழுதுவது நான், பேசுவது அவள். சுற்றுப்பட்டு ஊர்களில் அவள் முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். மளிகைக் கடையில் போய் "அரைக் கிலோ துவரம்பருப்பு" என்று அவள் கேட்டால், பக்கத்தில் நிற்கிறவர் திரும்பி, செத்தது யார் என்பது போலப் பார்ப்பார்.

அந்தக் குரல் போய்விட்டால் பிழைப்பு போய்விடும். அதைத்தான் நான் எல்லோரிடமும் சொன்னேன். காலையில் "காப்பி ஆறுது" என்று அதட்டுவதும் அதே குரல்தான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

பஸ்ஸில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. யோசனை என்று அன்று நினைத்தேன். வந்தது பீதிதான், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது. ஆபரேசனுக்கு முன்னால் அவள் குரலில் எல்லாச் சொல்லையும் பதிந்து வைத்துக்கொள்வது. ஊர்ப் பெயர்கள், கிழமைகள், மணி, மகன், மகள், மருமகன், சம்பந்தி, எல்லாம். பிறகு வேண்டியதை வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் அறிவிப்பு போடலாம். ஒரு நீள நோட்டில் சொற்களை எழுதினேன். ஒவ்வொன்றையும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும்: சந்தோசம், சாதாரணம், சாவு.

இத்தனை நாள் நான் கேட்டுச் சரிபார்த்தது ஒரு பழைய ஹெட்போனில். தலையை வலப்பக்கம் சாய்த்தால்தான் அதில் இடது காது கேட்கும். வாழ்நாள் சேமிப்பைக் கழுத்துச் சுளுக்கோடு கேட்டுப் பதிய முடியுமா? ஸ்டுடியோ மானிட்டர் என்கிற ஸ்பீக்கர் வாங்குவது என்று முடிவு செய்தேன். வீட்டு ஸ்பீக்கர் எதையும் இனிமையாக்கித்தான் கொடுக்கும். மானிட்டர் உள்ளதை உள்ளபடி சொல்லும். முன்னால் இருக்கிற வட்டத்தின் அகலத்தைத்தான் இஞ்ச் கணக்கில் சொல்கிறார்கள். சின்ன ரூமுக்கு அஞ்சு இஞ்சே அதிகம் என்றார் யூடியூபில் ஒரு வீடியோக்காரர். எட்டுக்குக் குறைந்தால் அடிக்குரல் காதிலேயே விழாது, குருடன் ஓவியம் வரைகிற மாதிரிதான் என்றார் இன்னொருவர். ஆறரை என்று நடுவில் நின்றார் மூன்றாமவர். மூன்று பேரும் சத்தியம் செய்யாத குறை. நான் மூன்று பேரையும் நம்பினேன்.

திருச்சியில் கடைக்காரர் பொறுமையான மனிதர்.

"ரூம் என்ன சைஸ் சார்?"

"பத்துக்குப் பன்னெண்டு."

இதுதான் முதல் கோளாறு. எங்கள் பக்கம் கொத்தனார் ரூம் அளவு சொன்னால் சுவரையும் சேர்த்துத்தான் சொல்வார். வீடு கட்டியபோது அவர் சொன்ன பத்துக்குப் பன்னெண்டையே நான் இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிவந்தேன். உள்ளே டேப் வைத்தால் எட்டரைக்குப் பத்தரை. அதில் பீரோ, கட்டில், மடித்து வைத்த மெத்தை.

"பத்துக்குப் பன்னெண்டுன்னா ஆறரை எடுங்க. அதுக்குக் கம்மின்னா அஞ்சே போதும். எட்டு பெருசு சார், இரையும்."

அவர் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் அவள் குரலில் ஒரு துளிகூடத் தப்பிவிடக் கூடாதே. வளர்கிற பிள்ளைக்குச் சட்டை எடுப்பது போல, ரூம் வளர்ந்துவிடும் என்கிற நம்பிக்கையில் எட்டு இஞ்சை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது கோளாறு.

"ரெண்டும் கனமா இருக்கே, கன்னிமூலைல வைங்க" என்றாள்.

தென்மேற்கு மூலை. பாரமான சாமான் அங்கேதான் இருக்க வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. பீரோவை இங்கிட்டுத் தள்ளி, கட்டிலை அங்கிட்டு நகர்த்தி, இரண்டு பெட்டிகளையும் மூலையில் சுவரோடு சுவராக ஒட்டி வைத்தேன். சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி இரண்டும் அரைகுறையாக முகம் பார்த்து நின்றன.

பதிவு தொடங்கியது. பகல் சாப்பாட்டுக்கு மேல், பக்கத்து மாவு மில் ஓய்ந்த பிறகு, மயில்கள் அனுமதித்தால். எங்கள் பக்கத்து மயிலுக்கு ஒரு குணம் உண்டு. சாவுக் குரலில் "ஆழ்ந்த வருத்தத்துடன்" என்று அவள் சொல்லி முடிக்கிற வரை காத்திருந்து, அப்புறம்தான் கத்தும்.

"ஏங்க, 'சம்பந்தி'ய எந்தக் குரல்ல சொல்ல?"

"மூணுலயும்."

"சந்தோசத்துல சம்பந்தியா? வீட்டுக்கு வரட்டும், பாத்துட்டுச் சொல்றேன்."

பதிந்ததைப் போட்டுக் கேட்டால் குரல் அண்டாவுக்குள்ளிருந்து வந்தது. "பெரியோர்களே" என்றால் பீரோக் கண்ணாடி அதிர்ந்தது. "தாய்மார்களே" என்றால் கட்டில் சட்டம் கூடவே முனகியது.

"இது எங்கொரலாங்க?"

"இது உள்ளத உள்ளபடி சொல்ற பொட்டி."

"அப்ப இத்தன வருசமா நான் பொய்யாப் பேசிக்கிட்டிருந்தனா?"

அந்தக் கேள்விக்கு ஒரு நிமிஷம் நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். நான் பெட்டியை நம்பினேன். குரலில் அடிப்பக்கம் அதிகம் என்று தீர்ப்பு சொல்லி, கம்ப்யூட்டரில் அதை வெட்டினேன். இன்னும் இரைந்தது. இன்னும் வெட்டினேன். எட்டு நாள் உழைப்பை, நோட்டு முழுவதையும், ஒரே மாதிரி வெட்டி, அசலின் மேலேயே சேமித்தேன். பழைய அறிவிப்புகளையும் வேலை முடிந்த அன்றே அழித்துவிடுவேன்; இரண்டு பிரதி வைத்துக் குழப்பிக்கொள்வது எனக்குப் பிடிக்காது. சுத்தமான மனுஷன்.

ஆபரேசனுக்கு நான்கு நாள் இருக்கும்போது, சந்தைப்பேட்டைப் பக்கம் ஒரு பெரியவர் இறந்துபோனார். அவளைக் கூப்பிடாமலேயே சேமிப்பிலிருந்து சொல் சொல்லாக எடுத்து ஒட்டி அறிவிப்பைத் தயார் செய்தேன். கன்னிமூலைப் பெட்டியில் அருமையாகக் கேட்டது. வழக்கமான ஆட்டோக்காரத் தம்பிக்குப் போனில் அனுப்பினேன். பெருமையாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவன் கூப்பிட்டான்.

"அண்ணே, மதினிக்கு ஆபரேசன் முடிஞ்சிருச்சா?"

"இல்லப்பா. வெள்ளிக்கிழமைதான்."

"அப்பறம் ஏண்ணே கொரலு இப்புடிப் போச்சு? தகர டப்பாவுக்குள்ள ஈ சுத்துறாப்புல இருக்கு. சந்தைல ரெண்டு பேரு கேட்டுட்டாங்க, அந்தம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு."

போனில் போட்டுக் கேட்டேன். ஈ. டிவியில் போட்டேன். ஈ. பழைய ஹெட்போனை எடுத்துத் தலையைச் சாய்த்துக் கேட்டேன். சாய்ந்த ஈ. வயர்தான் கோளாறோ என்று ஒரு பெட்டியை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தேன். சொல்லுக்குச் சொல் லேசாக அதிர்ந்துகொண்டிருந்த பீரோக் கண்ணாடி கப்சிப் என்று அடங்கியது. இரைச்சல் போய்விட்டது. பெட்டியில் இப்போது ஈ மட்டும் பாடியது.

இரைந்தது ரூம். இரைந்தது மூலை. சின்ன ரூமின் மூலையில் எட்டு இஞ்சை முட்டுக்கொடுத்து வைத்தால் அடிச்சத்தம் சுவரில் மோதிக் குவிந்து இரண்டு மடங்காகக் கேட்கும். நான் மூலையை விட்டுவிட்டு அவள் குரலை வெட்டியிருந்தேன். டாக்டராவது எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கத்தியை எடுக்கப்போகிறார். நான் கேட்காமலேயே ஆபரேசனை முடித்துவிட்டேன்.

அன்று நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உடனே அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில், "பொட்டில ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு இரண்டையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஒன்று மடியில், ஒன்று காலடியில். புதுக்கோட்டை வருவதற்குள் கால் மரத்து, இறங்கும்போது அது என் கால்தானா என்று தடவிப் பார்த்தேன். திருச்சிக் கடைக்காரர் பெட்டியையும் என் முகத்தையும் பார்த்தார்.

"ரூம் நெசமா என்ன சைஸ் சார்?"

"எட்டரைக்குப் பத்தரை. சொவத்தச் சேத்துச் சொல்லிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. அஞ்சு இஞ்சை எடுத்துக் கொடுத்து, சுவரை ஒட்டாமல் வையுங்கள், காதுக்கு நேராக வையுங்கள் என்று இரண்டு தரம் சொன்னார். மாற்றிக் கொடுத்ததைவிட அவர் சிரிக்காமல் இருந்ததுதான் பெரிய உதவி.

வீடு திரும்பியபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நல்ல சமயம், யார் அழுதாலும் வெங்காயத்தின் மேல் போட்டுவிடலாம் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். அவள் கை உரிப்பதை நிறுத்தவில்லை.

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

"சம்பந்தியுமா?"

"சம்பந்தியும்."

இன்னும் ஒரு வெங்காயம் உரித்தாள். நாளை மறுநாள் காலையில் அட்மிஷன். எட்டு நாள் கத்தியதில் தொண்டை ஏற்கனவே வலித்துக்கொண்டிருந்தது. நோட்டு முழுவதையும் திரும்பச் சொல்ல முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். முக்கியமான ஊர்களையாவது எடுத்துவிடலாம் என்று நான் முதல் பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, நோட்டை மூடினாள்.

"மைக்கப் போடுங்க."

போட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, சாவுக் குரலில் ஆரம்பித்தாள்.

"ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். கறம்பக்குடியில் வசிப்பவரும், கன்னிமூலையில் பெட்டி வைத்த புத்திசாலியின் மனைவியும், சுற்றுவட்டாரத்துச் சாவுகளையெல்லாம் இத்தனை வருடம் சொல்லி வந்தவருமான அம்மையார் அவர்கள் இயற்கை எய்தினார். அன்னாரின் இறுதி ஊர்வலம் அவரது இல்லத்திலிருந்து புறப்படும். அவர் வீட்டுக்காரருக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பதால், உற்றார் உறவினர் ஒரு மாதத்துக்குச் சாப்பாடு கொண்டுவருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

மைக்கை விட்டு விலகி, "கெழமையும் நேரமும் போடல. நீங்க வெட்டி ஒட்டிக்கிடுங்க" என்றாள்.

ஊரில் எனக்கு நக்கல் பிடித்தவன் என்று பெயர். இழவு வீட்டு வாசலில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துத்தான் எழுந்து வருவேன். அன்று மடித்து வைத்த மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். சத்தத்தை அமுக்குவதற்கென்றே அந்த மெத்தையை அங்கே வைத்திருந்தேன்; அது வேலை செய்தது.

"நாந்தான அழணும்? எந்திரிங்க. அதப் போடுங்க, கேப்போம்."

அஞ்சு இஞ்ச் பெட்டிகளை ரூமின் நடுவில் இரண்டு ஸ்டூலின் மேல், சுவரிலிருந்து தள்ளி வைத்திருந்தேன். கன்னிமூலையில் பீரோ பழைய இடத்துக்குப் போயிருந்தது. குரல் அதிராமல், இளைக்காமல், அவள் என் எதிரே உட்கார்ந்து பேசுவது மாதிரியே வந்தது. முழுதாகக் கேட்டாள்.

"ம். இது நானு" என்றாள்.

மறுநாள் ஊர்ப் பெயர்கள் ஒன்றுகூட எடுக்கவில்லை. அவள் துணிமணி எடுத்து வைத்தாள். நான் சும்மா அவள் பின்னாலேயே சுற்றினேன்.

ஆபரேசன் அன்று வராந்தாவில் மூன்று தரம் டீ வாங்கி மூன்றையும் குடிக்காமல் வைத்திருந்தேன். டாக்டர் வெளியே வந்து, நரம்பு தெரிந்தது, தொடாமல் எடுத்துவிட்டோம், ஆனாலும் குரல் போகப்போகத்தான் தெரியும் என்றார். சாயங்காலம் உள்ளே விட்டார்கள். கழுத்தில் கட்டு. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பேசாதே, பேசாதே என்று கையைப் பிடித்தேன். அவள் என்னைக் குனியச் சொல்லிச் சைகை காட்டினாள். காதை வாயருகே கொண்டுபோனேன். உமி சலிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"தையலு... எத்தன இஞ்ச்?"

குரல் திரும்பியது, ஆனால் முழுசாக இல்லை. சாவு அறிவிப்புக்கு முன்னைவிடப் பொருத்தமாக இருக்கிறது என்று ஆட்டோக்காரத் தம்பி சொல்கிறான். தள்ளுபடி அறிவிப்புக்குக் குரல் மேலே ஏறவில்லை. துணிக்கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். மளிகைக் கடையில் துவரம்பருப்பு கேட்டால் இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் தடவை அப்படி நடந்தபோது, அவள் பருப்புப் பையை என் கையில் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

"அத அழிச்சிட்டீங்களா?" என்று எப்போதாவது கேட்பாள். அழித்துவிட்டேன் என்று சொல்கிறேன். அவளுக்குத் தெரியும். அந்தப் பழைய குரல் முழுசாக இருப்பது அந்த ஒரே பதிவில்தான். அதைப் போட்டுக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கிழமையும் நேரமும் இல்லாமல் அப்படியே கிடக்கிறது. கிடக்கட்டும். காப்பி ஆறுகிறதாம், உள்ளேயிருந்து கரகரவென்று சத்தம் வருகிறது.