சமுத்திரத்தில் போட்ட பாவமும் ரூத்தின் கல்யாணமும்

அக்கா மகள் ரூத்தின் கல்யாணத்துக்காக 1943 மாசியில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போய்வந்தேன். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால், மனசு ஆறாமல்தான் எழுதுகிறேன்.

பஸ்ஸை நம்பாதீர்கள். பெட்ரோல் கிடைக்காத இந்த யுத்த காலத்தில் கரியைப் போட்டு ஓட்டுகிறார்கள். விக்கிரவாண்டி வருவதற்குள் இரண்டு தடவை இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். ரயிலே மேல். மூன்றாம் வகுப்பு ஏழணா, இருபத்துமூன்று மைல். திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து ஓமந்தூர்ப் பாதையில் ஐந்து மைல் மாட்டுவண்டி.

வண்டிக்காரர் அந்த ஊர்க்காரர்தான். "கல்யாணத்துக்கா போறீங்க? பொண்ணோட அப்பாவை உள்ள உடுவாங்களாங்க? மூணு வருசமா வெளியதான் குந்த வெச்சிருக்கறாங்க" என்றார்.

என் கவலையும் அதுதான். மாமா, அதாவது அக்கா புருஷன் தேவசகாயம், மூன்று வருஷத்துக்கு முன் பண்ணையார் வீட்டுச் சாவுக்குப் பறை அடித்தார். கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தவர்கள் பறையைத் தொடக்கூடாது என்பது சபையின் கட்டுப்பாடு. அடிக்காவிட்டால் பண்ணையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக்கூடக் கூப்பிடமாட்டார்கள். அன்றிலிருந்து கோயிலில் வாசற்படிக்கு வெளியேதான் அவருக்கு இடம். சபை மன்னித்துச் சேர்த்துக்கொண்டால்தான் திங்கட்கிழமை கல்யாணத்தில் மகளைக் கைபிடித்து உள்ளே அழைத்துப்போக முடியும்.

ஞாயிறு ஆராதனையில் ஐயர் (பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) மன்னிப்பைப் பற்றியே பிரசங்கித்தார். சிவந்து கிடக்கும் பாவத்தைக் கடவுள் வெளுத்துவிடுகிறார், சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிடுகிறார், கிழக்குக்கும் மேற்குக்கும் உள்ள தூரம் விலக்கிவைக்கிறார், தம் முதுகுக்குப் பின்னால் எறிந்துவிட்டுத் திரும்பியே பார்ப்பதில்லை என்று வேதத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். மரக்காணத்துக்கு உப்பு வாரப் போய்க் கடலைப் பார்த்த சனமாயிற்றே, பலருக்குக் கண் கலங்கியது. காரியம் முடிந்தது என்றே நானும் நம்பினேன்.

பிறகு ஐயர் வாசலைப் பார்த்து, "இனிமே மோளத்தைத் தொடமாட்டேன்னு சபைக்கு முன்னால சொல்லுப்பா" என்றார்.

மாமா எழுந்து நின்றார். "அடிச்சது தப்புதாங்க. இனிமே தொடமாட்டேன்னு எப்படிங்க சொல்றது? பண்ணையில ஆண்டையம்மா சாவக் கெடக்கறாங்க. நாளைக்கே ஆள் அனுப்புனா போவணும். சாமிகிட்ட பொய் சொல்லிட்டு உள்ள வர்றதா?"

அவ்வளவுதான். தாய்மாமன் என்ற முறையில் நான் பெண்ணை அழைத்துவரட்டும் என்று ஐயர் முடித்துவிட்டார்.

வெளியே வந்த ஐயரை அக்கா மறித்தாள். "பாவத்தை முதுகுக்குப் பின்னால எறிஞ்சிடுவாருன்னு சொன்னீங்களே, ஐயரே. எங்க வூட்டுக்காரரு மூணு வருசமா அங்கதானுங்க குந்திக்கினு இருக்காரு, எல்லாரு முதுகுக்கும் பின்னால."

ஐயர் கெட்ட மனுஷர் இல்லை. அக்கா தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனார்.

போகிறவர்கள் தை, மாசியில் போங்கள். சித்திரை வெயில் அந்தப் பாதையில் ஆளைக் காய்ச்சி எடுத்துவிடும். குடிதண்ணீர் கையோடு வேண்டும். திரும்புவதற்கு வண்டியை முன்னாடியே சொல்லிவையுங்கள். ஞாயிறானால் கோயிலுக்கும் போங்கள், பாட்டு நன்றாக இருக்கும்.

கல்யாணத்தைச் சொல்லாமலே முடித்துவிடப் பார்த்தேன், முடியவில்லை. திங்கட்கிழமை ரூத்து என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். படியோரம் மாமா துவைத்த வேட்டியில் உட்கார்ந்திருந்தார். அவள் என் கையை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். உள்ளே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயர் பீடத்தைவிட்டு இறங்கி வருவார் என்று நினைத்தேன். பாட்டு முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அவர் வரவில்லை.

"போம்மா, நேரமாவுது" என்று சொல்லி, மாமாவே அவள் கையை எடுத்து என் கையில் வைத்தார்.