ஆபரேட்டர்: கயல்விழி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாம் மாடி ரித்திகா தன் லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“அங்கிள், இது நடுநடுவுல அப்படியே நின்னுடுது. அம்புக்குறிகூட நகர மாட்டேங்குது. அம்மா என்னடான்னா, நான்தான் கேம் ஏத்திக் கெடுத்துட்டேன்னு திட்டுறாங்க.”

நம் குடியிருப்புப் பிள்ளைகளே, உங்களுக்கெல்லாம் என்னைப் பற்றித் தப்பான ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் ஐ.டி.ஐ. படித்தவன். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் இரும்பு கடைகிற லேத் மெஷின் ஓட்டினேன். சைக்கிள் செயின் மாட்டுவேன், மிக்ஸியில் அடைப்பு எடுப்பேன். அதை வைத்துக்கொண்டு எனக்குக் கம்ப்யூட்டரும் தெரியும் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். நானும் மறுக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு யாராவது நம்மைத் தேடி வந்தால் மனசு கொஞ்சம் பொங்கத்தான் செய்கிறது.

ரித்திகாவின் லேப்டாப்பைத் திருப்பி அடிவயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி இருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். சூடான தூசிக்கு ஒரு வாசனை உண்டு. மழைக்கு முன்னால் வெயிலில் காயும் சாக்குப் பை மாதிரி. அந்த வாசனையோடு இன்னொன்றும் சேர்ந்து வரும் என்று நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. வரவில்லை. எதை எதிர்பார்த்தேன் என்று உணர்ந்ததும் லேப்டாப்பைக் கீழே வைத்தேன். “நீ ஒண்ணும் கெடுக்கலம்மா. அம்மாகிட்ட நான் சொல்றேன்” என்று சொல்லி, சின்ன ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன்.

ஸ்க்ரூ டிரைவருக்கு அடியில் அந்த நோட்டு இருந்தது. நீல அட்டை போட்ட நீள நோட்டு.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் தொழிற்சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பழுது ரிஜிஸ்தர் உண்டு. தேதி, நேரம், என்ன வேலை ஓடியது, ஆபரேட்டர் பெயர், காரணம் என்று கட்டம் கட்டியிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், என் மெஷின் திடீர் திடீரென்று நிற்கும். அப்போது எங்கள் ஃபோர்மேன் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “மெஷின் என்னிக்கும் தப்பு பண்ணாதுடா. பண்றது எல்லாம் ஆபரேட்டர்தான்.” காரணம் என்ற கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதி எனக்கு மெமோவும் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், எண்ணெய்க் குழாயில் பஞ்சு அடைத்திருந்தது. ஃபோர்மேன் மெமோவைக் கிழித்துப் போட்டு, “சரி, போ” என்றார். அவ்வளவுதான். நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். இருபது வயசு, மீசை முளைத்த ஆள். யாரையும் இப்படி விசாரிக்காமல் குற்றம் சொல்லக் கூடாது என்று அன்றைக்குச் சபதம் செய்தேன். என் சபதங்களின் லட்சணம் என் மனைவிக்குத் தெரியும். நீங்களும் தெரிந்துகொள்வீர்கள்.

எங்கள் மகள் கயல்விழி பன்னிரண்டாவது படித்தபோதுதான் கொரோனாவுக்காகப் பள்ளிகளை எல்லாம் மூடியிருந்தார்கள். உங்களில் சிலர் அப்போது கைக்குழந்தைகள். நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். இரண்டு அறை, வேப்ப மர நிழல் விழும் பின்கட்டு. பாடமெல்லாம் லேப்டாப்பில் என்றதும், கூட வேலை பார்த்த ஒருவரிடம் அவர் மகன் உபயோகித்த பழைய லேப்டாப்பை வாங்கி வந்தேன். வெள்ளைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்ததும், கயல் அதை மடியில் வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தாள். அவள் நன்றாகப் படம் வரைவாள். வெளியூரில் ஒரு கல்லூரியில் வடிவமைப்புப் படிப்பு படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. அதுவும் அந்த லேப்டாப்பிலேயே வீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டியது.

தொழிற்சாலையில் வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்கும் முன்னால் மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் சுவிட்ச் போடுவோம். ஆயுத பூஜைக்குக் கேட்கவே வேண்டாம். சோறு போடுகிற மெஷினுக்கு இதைச் செய்யாதவன் எங்கள் பட்டறையில் யாரும் கிடையாது. என் மகளின் எதிர்காலமே அந்த லேப்டாப்பில் இருக்கும்போது அதற்கு மட்டும் வைக்காமல் இருப்பேனா? மூடியில் ஒரு பொட்டு வைத்தேன். பக்கவாட்டில் சீப்புப் பல் மாதிரி சன்னமாகக் கோடு கோடாக ஓர் இடம் இருந்தது. பொட்டு வைக்கவென்றே செய்த மாதிரி எனக்குத் தோன்றியது. அங்கே சந்தனத்தை நன்றாகக் குழைத்து அப்பினேன். அடியில் சல்லடைக் கண் மாதிரி இருந்த இடத்தில் விபூதியை மூன்று விரலால் இழுத்தேன்.

“கரண்ட் சாமானுக்கு ஈரமா வெக்கலாமாங்க?” என்று மனைவி கேட்டாள்.

“எட்டடி லேத்துக்கே வெக்கறேன். இது என்ன பெரிய இது” என்றேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் வைத்தேன். சில வாரத்திலேயே லேப்டாப் நிற்கத் தொடங்கியது.

“அப்பா, நின்னுடுச்சுப்பா!” உள் அறையிலிருந்து கயல் கூப்பிடுவாள். நான் போவேன். திரையில் ஆசிரியை வாயைத் திறந்தபடி சிலையாக இருப்பார். பட்டனை அழுத்தி அணைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் மறுபடி ஓடும். அரை மணி நேரமோ, இரண்டு மணி நேரமோ கழித்துத் திரும்பவும் “அப்பா, நின்னுடுச்சுப்பா!” ஒரு கணக்கும் இல்லாமல் நின்றது. தேவையில்லாததை எல்லாம் அழித்துப் பார்த்தோம். சார்ஜரை மாற்றிப் பார்த்தோம். ஜன்னலோரம் மேசையைப் போட்டுப் பார்த்தோம். நானோ சாமி குத்தம் ஏதாவது இருக்குமோ என்று சந்தனத்தை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வைத்தேன். சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

பிறகு எனக்குத் தெரிந்த வித்தையை எடுத்தேன். நீள நோட்டு வாங்கி, தொழிற்சாலை ரிஜிஸ்தர் மாதிரியே கட்டம் போட்டேன். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் எழுதினேன். தேதி. நேரம். கணக்கு வகுப்பு, படம் வரைதல், வகுப்பு இல்லை. ஆபரேட்டர் என்ற கட்டத்தில் கயல்விழி என்று எழுதி, அடுத்த வரிகளில் அதற்குக் கீழே மேற்படிக் குறி போட்டுக்கொண்டே போனேன். வேறு யாரும் அதைத் தொடுவதில்லையே. காரணம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

ஒரு பக்கம் நிரம்பியதும் படித்துப் பார்த்தேன். படம் வரையும்போதுதான் அதிகமாக நின்றிருந்தது. இன்றைக்கு எனக்குத் தெரியும், படம் வரைகிற மென்பொருளுக்கு வேலை அதிகம், சூடு அதிகமாகும் என்று. அன்றைக்கு அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பெயர்தான், மேலிருந்து கீழ்வரை.

“நீ என்னமோ பண்றம்மா. சினிமா, பாட்டுன்னு எதையாவது போட்டுப் பாக்குற. அதான் நிக்குது.”

“சத்தியமா இல்லப்பா. வேணும்னா நீங்களே பின்னாடி உக்காந்து பாருங்க.”

உட்கார்ந்தேன். பிள்ளைகளே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நாற்காலியைப் போட்டு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவள் முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் மாதிரி உட்கார்ந்தேன். அவள் தோள் இறுகிப் போயிருந்தது. நான் பார்க்கும்போதே லேப்டாப் நின்றது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இப்ப நான் என்னப்பா பண்ணேன்?” என்று மட்டும் கேட்டாள். நான் நேரத்தை எழுதிக்கொண்டேன்.

நுழைவுத் தேர்வு ஒரு சனிக்கிழமை காலை. முந்தின நாள் வெள்ளி. எவ்வளவு சந்தனம் வைத்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு உட்கார்ந்தாள். நான் வெளியே தவித்துக்கொண்டு நடந்தேன். பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் குரல் வந்தது. வழக்கமான குரல் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது.

“அப்பா... நின்னுடுச்சுப்பா.”

அணைத்துப் போட்டோம். வரவில்லை. மறுபடி போட்டோம். வந்து, பாதியில் நின்றது. மூன்றாவது தடவை அது முழுசாக வந்தபோது தேர்வு நேரம் முடிந்துவிட்டது என்று திரையில் ஒரு வரி இருந்தது. அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போது நான் அவளைத் தொட்டிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் சொன்னது இது:

“சரியா படிக்காம வந்து உக்காந்துட்டு மெஷின் மேல பழி போடாத. மெஷின் என்னிக்கும் தப்பு பண்ணாது.”

அந்த ஃபோர்மேன் காலமாகி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. என் வாய்க்குள் அவர் உயிரோடு இருந்தார்.

திங்கட்கிழமை லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்துப் பூந்தமல்லி போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒருவர் மேசையளவு கடை வைத்திருந்தார். ஒரு கண்ணுக்கு மட்டும் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். அடிமூடியைக் கழற்றினார். உடனே சூடான தூசி வாசனை வந்தது. அதோடு சேர்ந்து, சந்நிதியில் வருகிற மாதிரி சந்தன வாசனை. அவர் பூதக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னா சார் இது, மிஷினுக்கு அபிஷேகமே பண்ணிக்கீறீங்க!”

நான் குனிந்து பார்த்தேன். சின்ன விசிறி ஒன்று. அதன் இதழ்களில் விபூதி களிம்பு மாதிரி படிந்திருந்தது. சீப்புப் பல் மாதிரி இருந்த இடம் காற்று வெளியே போகிற வழியாம். பல்லுக்குப் பல் சந்தனம் காய்ந்து காரை பூசின மாதிரி இருந்தது. ஒரு சாமந்தி இதழ்கூட உள்ளே கிடந்தது.

“காத்து போற வழிய அடைச்சுட்டா அது இன்னா சார் பண்ணும்? சூடாயி சூடாயி நின்னுகினு இருந்துக்கீது, பாவம். யாரு சார் பண்ணது இத்த?”

எண்ணெய்க் குழாயில் அடைத்த பஞ்சு என் கண் முன்னால் வந்து நின்றது. வாயைத் திறந்தேன்.

“வீட்ல பொண்ணு ஒண்ணு இருக்கு. அது ஏதோ பண்ணிடுச்சு போல.”

“நல்ல பக்தியான பொண்ணா கீது சார்” என்று சிரித்தார். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துச் சந்தனத்தை உதிர்த்தார். அந்தத் தூள் மேசை முழுக்கப் பறந்தது. நானும் அவரோடு சிரித்தேன். பெயர் தெரியாத ஓர் ஆளிடம்கூட என்னால் உண்மை சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கயல் கேட்டாள். “அதுக்கு என்னப்பா ஆச்சு?”

“ஏதோ தூசியாம்” என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, மற்ற சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு தட்டோடு வந்தவன், லேப்டாப்பை மட்டும் தாண்டிப் போனேன். கயல் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்க்கக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு லேப்டாப் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவள் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். ஒருநாள் வண்ணப் பென்சில்களையெல்லாம் எடுத்து எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தாள். நான் அப்போது செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ரொம்பக் கவனமாகப் படித்தேன்.

இப்போது அவள் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். சம்பளம், வேலை எல்லாம் சௌக்கியம்தான்.

ஞாயிற்றுக்கிழமை, ரித்திகா பக்கத்தில் நின்றுகொண்டிருக்க, அந்த நீள நோட்டைப் பிரித்தேன். என் கையெழுத்து, மேற்படிக் குறிகள், காலியாக இருந்த காரணக் கட்டம். கடைசியாக நான் எழுதியது தேர்வு நாள். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. இத்தனை வருஷமும் நான் அதைப் பார்த்ததில்லை. பென்சிலில், கயலின் சின்னச் சின்ன எழுத்தில்: ‘பத்து நாளாக நிற்கவில்லை. ஆபரேட்டர்: அதே ஆள்.’

ரித்திகாவின் லேப்டாப்பில் இருந்த தூசியைத் துடைத்து, அவள் அம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்து, கயலுக்குப் போன் போட்டேன்.

“அந்தப் பழைய லேப்டாப் நின்னுச்சே கயலு, அது வந்து...”

“சந்தனம்தானேப்பா? தெரியும்.”

“எப்பம்மா தெரியும்?”

“அந்த வெள்ளிக்கிழமை நீங்க அத மட்டும் உட்டுட்டுப் போனீங்களே, அப்பவே.”

“ஏன் என்னைக் கேக்கல?”

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ நாற்காலி நகர்த்துகிற சத்தம் கேட்டது.

“நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்ப்பா.”

மன்னிச்சுடும்மா என்றேன். சரிப்பா என்றாள். அந்தச் ‘சரி’ எந்தச் சரி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பேச்சை மாற்றுகிற மாதிரி, இப்போது வைத்திருக்கிற லேப்டாப் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “எப்பவாச்சும் நிக்கும்ப்பா. இங்கயே ஆள் இருக்காங்க, பாத்துக்குவாங்க” என்றாள்.

போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். முதல் வரியிலிருந்து ஆபரேட்டர் பெயரை அடித்துக்கொண்டே வந்தேன். காரணம் என்ற கட்டத்தில் ‘அப்பா வைத்த சந்தனம்’ என்று எழுதினேன். அடுத்த வரிகளுக்கு மேற்படிக் குறி போட மனம் வரவில்லை. ஒவ்வொரு வரியிலும் முழுசாகவே எழுதினேன்.

நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் பிளாக்கை இடித்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். பூந்தமல்லிச் சந்துக்கு மெட்ரோ வேலை நடந்தபோது ஒருமுறை போய்ப் பார்த்தேன். அந்த மேசைக்கடை இருந்த இடத்தில் தகரத் தடுப்பு நின்றது. லேப்டாப்பை எடைக்குப் போட்டாயிற்று. கயல் வரைந்த படங்கள் எங்கே போயின என்று மனைவிக்கும் தெரியவில்லை. இவையெல்லாம் போனால் போகட்டும். பென்சிலில் எழுதிய அந்த வரிக்கு அப்புறம் நோட்டில் அறுபது எழுபது பக்கம் வெறுமையாக இருக்கிறது. பூந்தமல்லியிலேயே லேப்டாப் சரியாகிவிட்டது. எது நின்றாலும், எது உடைந்தாலும், “அப்பா” என்று உள் அறையிலிருந்து அவள் கூப்பிடுவது அந்தத் தேர்வு நாளோடு நின்றுபோனது.