ஆடியில் குத்தக் கூடாத ஊசி

முப்பத்தெட்டு வயதில் முழுகாமல் இருந்தால் ஊரே டாக்டராகிவிடும். மூன்றாம் மாத ஸ்கேனில் பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் நீர் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. பிறவிக் குறை உண்டா என்று உறுதியாகச் சொல்ல இரண்டு வழி என்றார் திருச்சி டாக்டரம்மா. ஒன்று, அடுத்த பத்து நாளுக்குள் நஞ்சுக்கொடியில் துளி சதை எடுப்பது. மற்றது, பதினாறு வாரம் தாண்டியபின் பனிக்குடத்து நீரை ஊசியால் எடுப்பது. கைதேர்ந்தவர் செய்தால் இரண்டிலும் கரு கலையும் ஆபத்து சொற்பம். முதலாவதில் சீக்கிரம் தெரியும், அவ்வளவுதான் என்றார். எனக்குச் சீக்கிரம் தெரிய வேண்டும்.

அறந்தாங்கிக்கு வந்து சொன்னதும் என் மாமியார் காலண்டரைப் பார்த்தார். ஆடி பிறந்து நாலு நாள்.

"ஆடியில வயித்துல ஊசி குத்துறதா? ஆவணி பொறக்கட்டும், அங்கிட்டு பாத்துக்கலாம்."

அதே ஆடியில், தள்ளுபடி என்று புதுக்கோட்டைக்குப் போய் எட்டுச் சேலை எடுத்து வந்தார். சேலைக்கு ஆடி ஆகும், ஊசிக்கு ஆகாதாம். குவைத்தில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் போனில் முறையிட்டேன். அம்மா சொல்வதும் சரிதானே என்றார். ஆடி கடல் தாண்டியும் போகும் என்று அன்றுதான் தெரிந்தது. பஸ் ஏறி நானே போயிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளை அடக்கும் வாய், வீட்டில் அடங்கிப்போனது. பயம், வேறென்ன?

ஆவணி முதல் முகூர்த்தத்தில் நீர் எடுத்தார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஆணா பெண்ணா என்று மாமியார் நர்ஸிடம் கேட்டு, சொல்லக் கூடாது என்று சுவரில் மாட்டியிருந்த சட்டத்தை அவர் வாசிக்க, வரி விடாமல் கேட்டுக்கொண்டு வந்தார்.

காத்திருந்த நாட்களில் வயிறு மேடிட்டது. வளைகாப்பு எப்போது என்று தெருவே விசாரித்தது. நான் வயிற்றோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசிவிட்டு இழக்க எனக்குத் தெம்பில்லை. பத்தொன்பதாம் வாரம், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது உள்ளே உதைத்தது. வயிற்றுக்குப் போன கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

"இரு, இன்னும் ரிப்போர்ட் வரலை" என்றேன்.

முதல் வழியில் போயிருந்தால் அது உதைக்கும் முன்பே எல்லாம் தெரிந்திருக்கும். டாக்டரம்மா சொன்ன வித்தியாசத்தில் இது இல்லை.

நாலு நாள் கழித்துக் குறை எதுவும் இல்லை என்று போன் வந்தது. நல்ல நாள் பார்த்துக் குத்தியதால்தான் என்று மாமியார் இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார். மகளுக்கு மூன்று வயது. ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் கேட்காமலே என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அன்று வயிற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டதும் இந்தக் கையைத்தான்.