ஜன்னல் பக்கம் நிறுத்துகிறவர்

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வாரமெல்லாம் ஊரையே ஏற்றி இறக்குகிற மனிதர், லீவு நாளிலாவது வீட்டில் காலை நீட்டிப் படுக்க வேண்டாமா? மாட்டார். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார், சக்கர நாற்காலி தள்ள. சம்பளமா? ஒரு டீகூடக் கிடையாது. இங்கே சமையலறைக் குழாய் மாசக்கணக்காக ஒழுகுகிறது. ஊருக்கெல்லாம் உபகாரம், கட்டினவளுக்கு ஒழுகுகிற குழாய்!

இந்தக் கிறுக்கு எப்போது பிடித்தது என்றால், அவர் கால் எலும்பு முறிந்து அதே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போன ஆள், இவரை வராந்தாவில் சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டு எங்கேயோ போய்விட்டான். பெயின்ட் உரிந்த சுவர், முகத்துக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில். சின்னச் சக்கரம் வைத்த நாற்காலி, தானாக உருட்டவும் முடியாது. யாரையும் கூப்பிடக் கூச்சம். "ஸ்கூல்ல தப்பு பண்ணவன மூலையில நிறுத்துவாங்களே, அப்படி இருந்துச்சுடி" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

கால் சரியானதும் அதே ஆஸ்பத்திரியில் நாற்காலி தள்ளுகிற ஆளாகச் சேர்ந்துகொண்டார். அவர் தள்ளுகிற நாற்காலி எங்கே நின்றாலும் ஜன்னலைப் பார்த்துத்தான் நிற்கும். "போலாமா?" என்று கேட்காமல் நகர்த்த மாட்டார். வளைவு வந்தால் "திரும்புறோம், பிடிச்சுக்கோங்க" என்பாராம். ஹார்ன் ஒன்றுதான் பாக்கி என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள். "நீயும் ஒரு நாள் வாயேன், பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்" என்று என்னையும் இழுத்துப் பார்ப்பார். "எனக்கு அந்த வாடையே ஆகாது" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவேன்.

அந்த பஸ் புத்திதான் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் காலை வாரியது. ஒரு கடிகாரக் கடைக்காரருக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்காக அவரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். தியேட்டர் வாசல் தெரிந்ததும் அந்த மனிதர், "நிறுத்துங்க, எறங்கணும்" என்றிருக்கிறார். இவருக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தால் போதும், கால் தானாக பிரேக்குக்குப் போகும். ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, "பாத்து எறங்குங்க" என்று வேறு சொல்லியிருக்கிறார்! பாத்ரூமுக்கு என்று நினைத்தாராம். இறங்கினவர் ஆஸ்பத்திரி உடுப்போடேயே மாடிப்படியில் இறங்கிப் போனவர்தான், ஆளைக் காணோம்.

பெரிய நர்ஸ் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "கட்டி சும்மா இருக்காது அண்ணா. நாள் தள்ளினா உயிருக்கே ஆபத்து. அவரு திரும்பி வர்ற வரைக்கும் நீங்க நாற்காலியத் தொடாதீங்க."

வீட்டுக்கு வந்தவர் தட்டில் கை வைக்கவில்லை. "நாற்காலி போனா போகட்டும். அந்த ஆளுக்கு ஏதாவது ஆயிட்டா? எறக்கி விட்டவன் நான்தானே?" கடைக்கே தேடிப்போய்க் கூப்பிட்டும் பார்த்தாராம். இவர் தலையைக் கண்டதும் அந்த மனிதர் ஷட்டரை இழுத்துவிட்டாராம்.

எனக்கு வந்ததே கோபம்! மறுநாள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். நரைத்த தலை, ஒட்டிய கன்னம். கடிகாரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல கோளாறு ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

"கோளாறு அதுக்கில்ல, உங்களுக்குத்தான். நான் அந்த டிரைவர் சம்சாரம். உங்களுக்கு உயிர் மேல ஆசை இல்லன்னா போங்க, என் வீட்டுக்காரர் சோத்துல ஏன் மண்ண அள்ளிப் போட்டீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆசை இல்லாம என்னம்மா. பக்கத்துக் கட்டில்காரரோட அந்த வாசல்ல பத்துப் பேரு நின்னாங்க. உள்ள விடுறப்ப, கூட யாரு வந்திருக்காங்கன்னு கேப்பாங்க. யாரும் இல்லன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. நான் உள்ள படுத்திருக்கப்ப வெளிய ஒருத்தரும் உக்காந்திருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன், கால் நிக்கல."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. "இவ்வளவுதானா? நாங்க உக்கார்றோம்" என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

அடுத்த செவ்வாய்க்கிழமை, மூக்கில் கைக்குட்டையோடு நானும் நாற்காலிக்குப் பின்னால் நடந்தேன். "போலாமா?" என்றார் இவர். "போலாம். எறங்கணும்னு சொன்னாலும் நிறுத்தாதீங்க" என்றார் கடிகாரக்காரர்.

வாசலில் அந்தக் கேள்வி வந்தது. "கூட யாரு?"

"நாங்கதான்" என்றேன்.

"என்ன உறவு?"

"எனக்கு அண்ணன்" என்றேன். கடிகாரக்காரர் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இவர் பெஞ்சை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார். உட்கார்ந்தோம். வாடை எப்போது மறந்தது என்றே தெரியவில்லை. மத்தியானத்துக்கு மேல் டாக்டர் வந்து, கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, பயமில்லை என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

சாயங்காலம் அவர் கண்ணைத் திறந்தார். என்னைத் தேடிப் பிடித்து, "உக்காந்துதான் இருந்தியா, தங்கச்சி?" என்றார்.

"பின்ன? எந்திரிச்சு ஓடுறதுக்கு நான் என்ன உங்கள மாதிரியா?" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.